கட்டைவிரல் மறைத்த ஊர்

மேல்வீட்டு அத்தை எங்கள் வீட்டைப் பார்க்க வந்த அன்றே மன்னிப்புக் கேட்டார். எங்களிடம் அல்ல, துணைக்கு வந்திருந்த தன் கொழுந்தனாரிடம். "கொஞ்சம் பொறுத்துக்கிடுங்க தம்பி, கடைக்குப் பக்கமா இருக்கணும்னுதான் இங்க பாக்கோம்" என்று எங்கள் வாசலில் நின்றே சொன்னார். அம்மா பக்கத்தில் சாவியோடு நின்றிருந்தாள். அதை அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை. தண்ணீர் எப்போது வரும், மொட்டை மாடியில் எந்தக் கொடி யாருடையது என்று சொல்லிக்கொண்டே படியேறிவிட்டாள்.

விம்கோ நகர் ஸ்டேஷனில் இறங்கிக் கடலைப் பார்த்து நடந்தால் வரும் சந்துகளில் ஒன்றில் எங்கள் வீடு. துறைமுகத்தில் கிரேன் ஓட்டிய அப்பா கட்டியது. அப்பா போன பிறகு மேல்வீட்டை வாடகைக்கு விட்டோம். அத்தையின் கணவருக்குச் சாத்தாங்காடு இரும்பு மார்க்கெட்டில் கம்பிக் கடை. சொந்த ஊர் திருச்செந்தூர்ப் பக்கம். தெற்கத்திக் கடைக்காரர் என்பதால் தெருவே அவரை அண்ணாச்சி என்றது. அவர் மனைவியை அம்மா அண்ணாச்சிம்மா என்றாள். நான் அத்தை என்றேன். அவர்களுக்கு ஒரே பெண். கல்லூரி முடித்துவிட்டு வீட்டிலிருந்து ஏதோ தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தாள்.

அத்தை மன்னிப்புக் கேட்காத நாளை நான் பார்த்ததில்லை. சிலிண்டர் தூக்கி வந்தவரிடம் படி செங்குத்தாக இருப்பதற்கு மன்னிப்பு. கூரியர்காரரிடம் சந்து குறுகலாக இருப்பதற்கு. மகள் படிப்பு விஷயமாக ஒரு டீச்சர் வந்தபோது, தெருமுனையில் மாநகராட்சி தோண்டிப் போட்ட பள்ளத்துக்கு. காய்ச்சலுக்கு ஊசி போட்டுக்கொள்ளப் போன இடத்தில் டாக்டரிடமே, "எங்க ஏரியாவுல கொசு ஜாஸ்தி, மன்னிச்சுக்கிடுங்க" என்றாராம். இதை அம்மா தெரு முழுக்கச் சொல்லிச் சிரித்தாள். "கொசுவ இவுங்கதான் பெத்து வுட்டா மாதிரி" என்பாள்.

முதலில் நான் அதைப் பணிவு என்றுதான் நினைத்தேன். தன் மேல் தப்பு இருந்தால் அத்தை வாயே திறக்க மாட்டார் என்பது பழகப் பழகத்தான் தெரிந்தது. ஒருமுறை எங்கள் கொடியை அறுத்துவிட்டார். சத்தமில்லாமல் புதுக் கயிறு வாங்கிக் கட்டிவிட்டு, கருப்பட்டி போட்ட பணியாரம் ஒரு தட்டு கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார். மன்னிப்பு என்ற வார்த்தை அவர் எங்கள் ஊருக்காக மட்டும் வைத்திருந்தது. காற்று மணலி ஆலைகள் பக்கமிருந்து திரும்பினால் ஒரு வாடை வரும். மாடியில் கரி படியும். கண்டெய்னர் லாரிகள் வரிசை கட்டி நின்றால் ஹாரன் சத்தத்தில் டிவி கேட்காது. எங்களுக்கு அதெல்லாம் மழை வெயில் மாதிரி. அத்தைக்கு ஒவ்வொன்றும் மானப் பிரச்சினை.

ஊரிலிருந்து போன் வந்தால் மொட்டை மாடிக்குப் போய்விடுவார். "நாங்க சென்னையிலதான்" என்பார். சென்னையில் எங்கே என்று யாராவது கேட்டால் லைன் சரியில்லை என்பார். கீழேயிருந்து அம்மா, "அண்ணாச்சிம்மா, தண்ணி வந்துகினு கீது, மோட்டர போடு" என்று குரல் கொடுப்பாள். அம்மாவின் குரல் எட்டூருக்குக் கேட்கும். அந்த நேரம் அத்தை போனை உள்ளங்கையால் பொத்திக்கொள்வார். அம்மா பேசி முடித்த பிறகுதான் கையை எடுப்பார். கொடியில் துணி போட்டுக்கொண்டு நான் அதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். சத்தத்துக்காகப் பொத்துகிறார் என்று நினைத்துக்கொண்டேன். லாரி ஹாரனுக்கு அவர் போனைப் பொத்துவதில்லை என்பதும் என் கண்ணில் படாமல் இல்லை.

இப்படிச் சொல்வதால் அவரைப் பொல்லாதவர் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. அம்மா குளியலறையில் வழுக்கி விழுந்து மணிக்கட்டு முறிந்து கட்டுப் போட்டிருந்தபோது, நான் வேலைக்குப் போய்வர முடிந்ததே அத்தையால்தான். சமைத்துக் கொடுத்து, எண்ணெய் தேய்த்து, தினமும் அம்மாவுக்குத் தலை பின்னிவிட்டார். அம்மாவுக்குச் சிடுக்கு விழும் முடி. வலிக்காமல் நுனியிலிருந்து பிரித்துக்கொண்டு வருவார். "கூடப் பொறந்தவ கூட இப்டி பாத்துக்க மாட்டா" என்று அம்மா இன்றைக்கும் சொல்வாள். அப்போதும் அம்மாவைப் பார்க்க யாராவது வந்தால், சீப்பைக் கையில் வைத்துக்கொண்டே, "வாங்க, இங்க கொஞ்சம் காத்தோட்டம் கம்மி, பொறுத்துக்கிடுங்க" என்பார். வந்தவர்கள் எதிர்வீட்டுக்காரர்களாக இருப்பார்கள்.

மகளுக்கு வரன் வந்தது. தூத்துக்குடி மாப்பிள்ளை, கப்பல் சரக்கு ஏஜென்சியில் வேலை. திருச்செந்தூர்க் கோயிலில் வைத்துப் பெண்ணும் பையனும் பார்த்துக்கொண்டார்கள். பிறகு அத்தையும் அண்ணாச்சியும் போய் மாப்பிள்ளை வீட்டைப் பார்த்துவிட்டு வந்தார்கள். வீடு பெரிய தெருவில், வாசலில் வேப்பமரத்தோடு, பளிச்சென்று இருந்ததாம். வந்த அன்று அதைச் சொல்லும்போதே அத்தைக்கு முகம் சுருங்கிவிட்டது. "அவிய இங்க வந்தா என்ன நெனப்பாவ" என்றார்.

அவர்கள் வரத்தான் போகிறார்கள். பங்குனியில், வெயில் ஏறுவதற்கு முன்னால், மாப்பிள்ளையின் அப்பாவும் அம்மாவும் சென்னையைச் சுற்றிப் பார்க்க வருவதாகச் சொல்லி அனுப்பியிருந்தார்கள். சுற்றிப் பார்ப்பது ஒரு சாக்கு. பெண் வீட்டுக்கு வந்து கை நனைத்தால்தான் அவர்கள் பக்கத்தில் சம்பந்தம் முடிவானதாகக் கணக்கு. மனசுக்குப் பிடித்தால் சாப்பிடுவார்கள். பிடிக்காவிட்டால் ஒரு வாய் தண்ணீரோடு எழுந்துவிடுவார்கள். அதற்குப் பிறகு யாரும் காரணம் கேட்கக் கூடாது. ஏற்கெனவே இரண்டு வரன்கள் கூடி வந்து தட்டிப்போயிருந்தன. அதற்கு எங்கள் தெருதான் காரணம் என்று அத்தை உறுதியாக நம்பினார்.

அந்தப் பயணத்தைத் திட்டம் போட என்னைக் கூப்பிட்டார். என் போனில் வரைபடம் இருக்கிறது, எனக்கு ஊரெல்லாம் தெரியும் என்பது அவர் நம்பிக்கை. மாலையில் மொட்டை மாடியில் பாய் விரித்து உட்கார்ந்தோம். கடற்காற்று நன்றாக வந்துகொண்டிருந்தது. எதிர்வீட்டு வேப்பமரத்தின் பூ எங்கள் மாடியெல்லாம் உதிர்ந்து கிடந்தது.

"ஏர்போர்ட்ல எறங்கின உடனே வேன்ல ஏத்திரணும் பாப்பா. அங்க இருந்து நேரா எங்க போலாம், சொல்லு."

"மகாபலிபுரம் போயிடலாம் அத்தை. போற வழியில முதலைப் பண்ணை பாக்கலாம். திரும்பி வந்து மயிலாப்பூர் கோயில். சாயந்திரம் மெரினா."

"சாப்பாடு?"

சாப்பாட்டுக்கு அவரே ஒரு வழி வைத்திருந்தார். அண்ணாச்சியின் பெரியப்பா மகன் அண்ணா நகரில் ஒரு பிளாட்டில் இருந்தார். லிப்ட், பூந்தொட்டி, வாட்ச்மேன் எல்லாம் உண்டு. எங்கள் வீட்டில் பெயிண்ட் வேலை நடக்கிறது என்று சொல்லிவிட்டு, கை நனைப்பதை மறுநாள் அங்கே வைத்துக்கொள்வது என்று ஏற்பாடு. மகளை முன்கூட்டியே அங்கே அனுப்பிவிட்டார்.

"நம்ம வடிவுடையம்மன் கோயில் அத்தை? எங்கெங்கிருந்தோ வராங்களே" என்றேன்.

"கோயில் நல்ல கோயில்தான், அம்மனும் சக்தியுள்ளவதான். ஆனா வழி இருக்கே பாப்பா." பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, "எங்க வீட்டுக்காரவிய வேற ஜாதகம் குடுக்கப் போன எடத்துல வாய வச்சிக்கிட்டுச் சும்மா இருக்காம, திருவொத்தியூர் அம்மன் கோயிலுக்குப் பக்கம்னு சொல்லித் தொலச்சிருக்காவ. மாப்ளயோட அம்மா, அந்த மதினி, அப்பவே, அம்மனுக்கு ஒரு நேர்ச்ச இருக்குன்னாவளாம். கேட்டா கோயில்ல கும்பாபிஷேக வேலை நடக்குன்னு சொல்லிரலாம்" என்றார்.

போனை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு நான் சொன்ன இடங்களை விரலால் தேடினார். மெரினா கிடைத்தது, மயிலாப்பூர் கிடைத்தது, கிண்டி கிடைத்தது. அப்போதுதான் பார்த்தேன். பாரிமுனைக்கு மேலே தெரிந்த பகுதியை இடதுகைக் கட்டைவிரலால் மூடிப் பிடித்திருந்தார். ராயபுரம், தண்டையார்பேட்டை, திருவொற்றியூர், எண்ணூர் எல்லாம் விரலுக்கு அடியில். வேண்டுமென்று செய்தாரா என்று தெரியவில்லை. போனைப் பிடித்த பிடி அப்படி அமைந்ததாகவும் இருக்கலாம். ஆனால் வழி சொல்லி முடிக்கிறவரை அந்த விரல் நகரவில்லை. எங்கள் அப்பா கட்டிய வீடும் அதற்கு அடியில் இருந்தது.

எனக்குச் சுருக்கென்றது. கேட்டிருக்கலாம்.  நான் வேலை பார்ப்பது நகரத்தின் தெற்குக் கோடியில், கண்ணாடிக் கட்டடத்தில். எங்கே இருக்கிறாய் என்று அங்கே யாராவது கேட்டால், "பீச் ஸ்டேஷன் பக்கம்" என்றுதான் நானும் சொல்லிக்கொண்டிருந்தேன். பீச் ஸ்டேஷனுக்கும் எங்கள் வீட்டுக்கும் நடுவில் எத்தனை ஊர் இருக்கிறது என்று அவர்களுக்குத் தெரியாது. என் போனிலேயே, என் கண் முன்னாலேயே, என் ஊர் மறைந்துகொண்டிருந்தது. நான் மகாபலிபுரத்துக்கு எந்தச் சாலை நன்றாக இருக்கும் என்று விளக்கினேன்.

அவர்கள் வருகிற அன்று சனிக்கிழமை. எனக்கு விடுமுறை. அத்தையும் அண்ணாச்சியும் விடிந்ததும் வேனில் கிளம்பிவிட்டார்கள். விமானம் இறங்கும் நேரத்தைத் தாண்டிக் கொஞ்சம் கழித்து எனக்குப் போன் வந்தது. அத்தையின் குரல் ஒரு மாதிரியாக இருந்தது.

"பாப்பா, நாங்க எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோட்லயே கெடக்கோம். முன்னாடியும் கண்டெய்னரு, பின்னாடியும் கண்டெய்னரு. துறைமுகத்துல கேட்டத் தெறக்கலன்னு சொல்லுதாவ."

"அவங்க எறங்கிட்டாங்களா?"

"எறங்கி, கொஞ்ச நேரம் நமக்காகக் காத்துக் கெடந்துட்டு, மெட்ரோ ரயில்ல ஏறிட்டாவ. ஏர்போர்ட்லயே விம்கோ நகர்னு போர்டு போட்டு ரயில் நிக்காம். டிக்கெட் குடுக்கிறவன், திருவொத்தியூர் தேரடில எறங்கினா கோயில்னு சொல்லிட்டான். நாங்களே அம்மனக் கும்பிட்டுட்டு வீட்டுக்கு வந்துருதோம், நீங்க அலையாண்டாம்ங்காவ. நான் வேண்டாம் வேண்டாம்னு கத்துதேன், ரயில் பூமிக்குள்ள போயிட்டு, லைன் கட்டாயிட்டு."

இத்தனை நாள் போட்ட திட்டத்தில் எங்கள் ஊருக்கு மெட்ரோ வந்துவிட்டதை நாங்கள் இரண்டு பேருமே யோசிக்கவில்லை. நான் தினமும் அதில்தான் வேலைக்குப் போகிறேன். ஊரை விட்டு வெளியே போகத்தான் அந்த ரயில் என்று எனக்குப் பழகியிருந்தது. வெளியூர்க்காரர்கள் அதில் ஏறி எங்களைப் பார்க்க வரலாம் என்று தோன்றவே இல்லை.

"நீ தேரடிக்குப் போயி அவியளப் பிடிச்சிக்கோ. நான் வந்து சேருதவரைக்கும் கோயில்லயே உக்கார வையி. வீட்டுக்கு மட்டும் கூட்டிட்டுப் போயிராத. ஒன் கால்ல விழுதேன் பாப்பா."

அம்மாவிடம், அத்தை வீட்டு விருந்தாளிகள் கோயிலுக்கு வந்திருக்கிறார்கள், துணைக்கு இருக்கப் போகிறேன் என்று மட்டும் சொல்லிவிட்டு ஓடினேன். தேரடி ஸ்டேஷன் வாசலிலேயே அவர்களை அடையாளம் தெரிந்தது. மாப்பிள்ளையின் அப்பா வெள்ளைச் சட்டையில், கையில் மக்ரூன் டப்பாக்கள் அடுக்கிய பையோடு நின்றார். மாப்பிள்ளையின் அம்மாவுக்குக் கனத்த உடம்பு, நெற்றி நிறையக் குங்குமம். இருவரும் முதல்முறை விமானத்தில் ஏறி இறங்கிய சந்தோஷத்தில் இருந்தார்கள். கீழ்வீட்டுப் பெண் என்று சொன்னதும் அந்த அம்மா என் கன்னத்தைத் தொட்டுக் கொஞ்சினார். கோயில் வேலை பற்றிச் சொல்ல வேண்டியிருந்த பொய்க்கு இடமே இல்லை, சாரம் எதுவும் இல்லாமல் கோபுரம் எதிரே நின்றது.

அம்மனைக் கும்பிட்டார்கள். பிராகாரத்தை நிதானமாகச் சுற்றி வந்தார்கள். கல்தூண் ஓரமாக உட்கார வைத்துக் கோயில் கதையெல்லாம் எனக்குத் தெரிந்த வரைக்கும் இழுத்தேன். உச்சிப் பொழுதுக்கு நடை சாத்திவிட்டார்கள். எங்களை வெளியே போகச் சொன்னார்கள்.

"வீடு பக்கத்துலதானம்மா?" என்றார் மாப்பிள்ளையின் அப்பா.

"பெயிண்ட் வேலை நடக்குது அங்கிள். பூட்டியிருக்கு. ஓட்டல்ல உக்காரலாம்."

"பெயிண்ட் வாடைக்கெல்லாம் நாங்க பயப்பட மாட்டோம்."

தேரடியில் வெயிலில் நின்றுகொண்டு அடுத்த பொய்யைத் தேடினேன். அத்தையைக் கூப்பிட்டால் எடுக்கவில்லை. அந்த நேரம் பார்த்துக் குடையைப் பிடித்துக்கொண்டு அம்மா வந்தாள். நேரமாகிறதே என்று தேடிக்கொண்டு வந்திருக்கிறாள்.

"இன்னாமே, வந்தவங்கள இப்டி வெயில்ல நிக்க வெச்சிகினு கீற? வூடு இன்னா ஓடிப் போச்சா?"

நான் கண்ணைக் காட்டினேன்.

"கண்ணுல இன்னா, தூசி பூந்துச்சா?" என்றவள் அவர்கள் பக்கம் திரும்பி, "வாங்க வாங்க, அண்ணாச்சிம்மா வந்துடுவாங்கோ. அதுவரைக்கும் நம்மூட்ல உக்காருங்க. குழம்பு வெச்சிட்டுதான் வந்தேன்" என்றாள். பையை அவளே வாங்கிக்கொண்டாள். ஷேர் ஆட்டோவை நிறுத்தியதும் அவள்தான். அவர்கள் சிரித்துக்கொண்டே ஏறினார்கள். நான் கடைசியாக ஏறினேன்.

அன்றைக்கென்று காற்று மணலிப் பக்கமிருந்து வந்தது. சந்துக்குள் நுழையும்போதே எனக்கு அது தெரிந்தது. அதற்கு முன்னால் எத்தனையோ நாள் அந்த வாடையில் நான் தூங்கி எழுந்திருக்கிறேன். அன்று மட்டும் மூக்கை அறுத்தது. அத்தையின் மூக்கு எனக்கு வந்துவிட்ட மாதிரி ஒவ்வொன்றும் கண்ணை உறுத்தியது. சாக்கடை ஓரம், பெயர்ந்த சுவர், எங்கள் வாசல் கம்பியில் ஏறியிருந்த துரு. வீட்டுக்குள் வந்ததும் அந்த அம்மா நாற்காலியில் உட்காருவதற்கு முன் முந்தானையால் அதை ஒரு துடை துடைத்தார். முந்தானை நுனியைத் திருப்பிப் பார்த்தார். கறுப்பாக இருந்தது. அந்தப் பக்கத்தை உள்ளே மடித்துக்கொண்டு உட்கார்ந்தார். எனக்கு முகமெல்லாம் எரிந்தது. சம்பந்தம் முறிந்துவிட்டது என்று அப்போதே முடிவு செய்துவிட்டேன்.

அம்மா சங்கரா மீன் குழம்பும் சோறும் எடுத்து வைத்தாள். மாப்பிள்ளையின் அப்பா தயங்கினார். "இல்லம்மா, பொண்ணு வீட்டுல நாங்க இன்னும் கை நனைக்கல. அதுக்கு முன்னாடி எப்படி" என்று இழுத்தார்.

"இது பொண்ணு வூடு இல்லியே, என் வூடு. பசிச்சா துன்றதுக்கு இன்னா முறை" என்றாள் அம்மா.

அவர் மனைவியைப் பார்த்தார். அந்த அம்மா சிரித்துவிட்டு எழுந்து கை கழுவினார். இருவரும் தரையில் உட்கார்ந்து சாப்பிட ஆரம்பித்தார்கள். குழம்பில் புளி எங்கே வாங்கியது என்று அந்த அம்மா கேட்டார். அம்மா இரண்டாவது முறை மீன் வைக்கக் கரண்டியில் எடுத்தாள். அப்போதுதான் அத்தை உள்ளே வந்தார்.

அண்ணாச்சியை வேனோடு விட்டுவிட்டு இறங்கி, லாரிகளுக்கு நடுவிலேயே நடந்து, பிறகு எதையோ பிடித்து ஏறி வந்திருக்கிறார். செருப்பு அறுந்து கையில் இருந்தது. பட்டுப்புடவையின் ஓரமெல்லாம் மண். வாசலிலிருந்து ஒரு பார்வை பார்த்தார். தரையில் தட்டுகள், மீன், என் அம்மா. அப்படியே கை கூப்பிவிட்டார்.

"மன்னிச்சுக்கிடுங்க மதினி. அண்ணே, மன்னிச்சுக்கிடுங்க. போயும் போயும் இந்த எடத்துல ஒங்களக் கொண்டாந்து உக்கார வச்சு, இவிய பேச்சும், இந்த நாத்தமும்... நாங்க இப்படிக் கெடயாது. வேற வழியில்லாமத்தான் இந்தக் கலீஜுல கெடக்கோம். இத வச்சு எம் பொண்ண ஒண்ணும் நெனச்சிராதிய மதினி."

கலீஜ் என்ற வார்த்தை அவர் ஊர் வார்த்தை இல்லை. எங்களிடமிருந்து எடுத்துக்கொண்டது.

 அம்மா கரண்டியோடு நின்றிருந்தாள். பிறகு குனிந்து அந்த மீன் துண்டை உடையாமல் மாப்பிள்ளையின் அப்பா தட்டில் வைத்தாள். ரசம் எடுத்து வருவதாகச் சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள்.

மாப்பிள்ளையின் அம்மா சாப்பிடுவதை நிறுத்தினார். இடதுகையால் முந்தானை நுனியை எடுத்து, மடித்து வைத்திருந்த கறுப்பைப் பிரித்துக் காட்டினார்.

"இதுக்கா மதினி கால்ல விழாத குறையா நிக்கிய? எங்க வீட்டு மாடியில ஒருநாள் பெருக்கலைன்னா கால் பதியும். நிலக்கரி எறக்குத எடத்துக்குப் பக்கத்துலதான் வீடு. எங்க போனாலும் தொடச்சிட்டு உக்காந்தே எனக்குப் பழகிட்டு."

"நாங்க வந்தப்போ அப்படி இல்லையே" என்றார் அத்தை.

"நீங்க வந்தது எங்க அண்ணன் வீடு. ஒங்கள எங்க வீட்டுக்குக் கூட்டிட்டுப் போக எனக்கு வெக்கமா இருந்துச்சு. பொண்ணு குடுக்க யோசிப்பியளோன்னு."

மாப்பிள்ளையின் அப்பா தலையைக் குனிந்துகொண்டு மீன் முள்ளை எடுத்தார். கொஞ்சம் கழித்து அவர்தான் சிரித்தார். "கையும் நனைச்சாச்சு, வயிறும் நெறஞ்சாச்சு. எந்த வீடா இருந்தா என்ன. நல்ல நாள் பாருங்க" என்றார். அத்தை அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதார். அந்த அம்மா எச்சில் கையை விலக்கிப் பிடித்துக்கொண்டு மற்றக் கையால் அவர் முதுகைத் தடவினார். சம்பந்தம் முடிந்துவிட்டது.

ரசம் வரவில்லை. நான் அடுப்படிக்குப் போனேன். அம்மா ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். மூச்சை இழுத்து இழுத்து விட்டாள். அழுகிறாளோ என்று பயந்தேன். அழவில்லை. மோந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நாறுதா?" என்று என்னைக் கேட்டாள். "எனக்கு ஒண்ணியும் தெரியலியே."

நான் ரசத்தைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

திட்டத்தின் வரிசை மாறினாலும் அன்று சாயங்காலம் மெரினாவும் மறுநாள் மகாபலிபுரமும் நடந்தன. எல்லோரையும் ஊருக்கு அனுப்பிவிட்டு அத்தை கீழே இறங்கி வந்தார். பணியாரத் தட்டு கையில் இருந்தது. கதவோரம் நின்றார். "அக்கா, மன்னிச்சுக்கிடுங்க" என்றார். தன் தப்புக்காக அவர் அந்த வார்த்தையைச் சொல்லி நான் கேட்டது அந்த ஒருமுறைதான். ஆனால் அதே வார்த்தையைக் கொசுவுக்கும் பள்ளத்துக்கும் சிலிண்டர்காரருக்கும் கேட்டுக் கேட்டு எங்கள் காது மரத்திருந்தது. அம்மா, "அட வுடு அண்ணாச்சிம்மா, கல்யாண வேலையப் பாரு" என்றாள். தட்டை வாங்கிக்கொண்டாள். அன்று அந்தப் பணியாரத்தை அவள் தொடவில்லை.

கல்யாணத்துக்குத் தூத்துக்குடிக்குப் போய்வந்தோம். அடுத்த சில மாதங்களில் அத்தை அண்ணா நகருக்குக் குடிபோனார். சாமான் ஏற்ற வந்தவர்களிடம் படிக்காக மன்னிப்புக் கேட்டுவிட்டு, அம்மாவின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு நின்றார். அம்மாவின் முடியை ஒருமுறை ஒதுக்கிவிட்டார். பிறகு விசேஷங்களுக்குப் போன் வந்தது. அதுவும் குறைந்து இப்போது இல்லை. அவர் மேல் எனக்குக் கோபம் வரும், உடனே அந்தச் சீப்பு நினைவுக்கு வரும். இரண்டில் எதையும் என்னால் விட முடியவில்லை.

இந்தப் பங்குனியில் என்னோடு வேலை பார்க்கும் புனே பெண் சென்னையைச் சுற்றிப் பார்க்க ஆசைப்பட்டாள். திட்டம் போடச் சொன்னாள். நான் பிடிவாதமாக எங்கள் ஊரை முதலில் வைத்தேன். காசிமேட்டில் படகுகள், வடிவுடையம்மன் கோயில், மதியம் எங்கள் வீட்டில் சாப்பாடு. வரைபடத்தில் எங்கள் வீட்டின் மேல் விரலை வைத்து, இங்கேதான் இருக்கிறேன் என்று அலுவலகத்தில் நாலு பேர் கேட்கச் சொன்னேன். பெரிய காரியம் செய்துவிட்ட நினைப்பு எனக்கு. வீட்டுக்கு யாரைக் கூட்டிவரப் போகிறேன் என்று அம்மாவிடம் ஒரு வாரம் முன்பே சொல்லியிருந்தேன்.

அன்று காற்று கடலிலிருந்துதான் வந்தது. வாடையே இல்லை. ஆனாலும் எங்கள் வீட்டு ஜன்னல்கள் எல்லாம் சாத்தியிருந்தன. உள்ளே சாம்பிராணிப் புகை கண்ணைக் கரித்தது. நாற்காலிகளில் புதுத் துண்டு விரித்திருந்தது. எட்டூருக்குக் கேட்கும் குரல்காரி, என் அம்மா, வாசலில் கை கூப்பிக்கொண்டு நின்றாள். டிவி செய்தியில் கேட்டு வைத்திருந்தாளோ என்னவோ, அவளுடையதே இல்லாத ஒரு தமிழில், மெதுவாக, ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னாள்.

"வாங்க. மன்னித்துக்கொள்ளுங்கள். இங்கே கொஞ்சம் நாற்றம் வரும்."

தோழிக்குத் தமிழ் தெரியாது. அம்மா என்ன சொல்கிறார்கள் என்று சிரித்த முகத்தோடு என்னைக் கேட்டாள். எனக்கு அந்த இடத்திலேயே நிற்க முடியாத அளவுக்கு அவமானமாக இருந்தது. சாப்பிடக் கூப்பிடுகிறாள் என்றேன். அம்மா கூப்பிய கையை இறக்காமல், தான் சொன்னது சரிதானா என்று என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.